ஒன்பது பெட்டி நாவலும் ஒடியற் கூழும்

கடந்த ஜனவரியில் எங்கள் வீட்டு ஃபர்னஸ் நின்றுவிட்டது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. திருத்த வந்த தம்பி பேஸ்மென்டுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்தப் பெட்டியளை இழுத்தால்தான் நான் உள்ளுக்குப் போகலாம். என்ன இது, டைல்ஸோ?" என்று கேட்டார்.

"புத்தகம்."

"எல்லாமோ?"

"எல்லாம் ஒரே புத்தகம்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒன்பது பெட்டிகளையும் இழுத்து உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கினோம். பெட்டிக்கு நாற்பது பிரதி. என்னுடைய இரண்டாவது நாவல். வேலை முடிந்து போகும்போது ஒரு பிரதி கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ரொறன்ரோவில் எழுதுகிற எல்லோரும் கேட்டுப் பழகிய அந்த வசனத்தைச் சொன்னார்: "எனக்கு நேரமில்லை அண்ணை. அம்மா வாசிப்பா."

இந்த ஒன்பது பெட்டிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று கன நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினால் ஆருக்கும் நோகுமோ என்ற பயம். இப்ப வயது அறுபத்து மூன்று. இனி என்ன பயம்.

எங்கள் ஊரில் ஒரு நாவல் வெளிவருவது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்காபரோவில் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி என்று அழைப்பிதழில் இருக்கும், ஐந்தரைக்குத் தொடங்கும். மங்கள விளக்கு, கனடா நாட்டுப் பண், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, கருத்துரை, ஏற்புரை. இடையில் ஒரு பரதநாட்டியம். பிறகு சிறப்புப் பிரதி பெறுவோர் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். வீடு விற்கிற முகவர், மோர்ட்கேஜ் பார்க்கிற தம்பி, ஊர்ச் சங்கத் தலைவர், பழைய மாணவர் சங்கச் செயலாளர், நண்பர்கள், சொந்தக்காரர். ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து என்வலப்பைத் தந்து புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டுப் போவார்கள். கடைசியில் ரோல்ஸ், பற்றீஸ், வடை, தேத்தண்ணி.

என்னுடைய விழாவில் 118 பிரதிகள் போயின. மண்டபக் காசும் சாப்பாட்டுக் காசும் கழித்து அச்சுச் செலவின் பெரும்பகுதி வந்துவிட்டது. அந்த என்வலப்புகளை நான் குறைவாகச் சொல்ல வரவில்லை. சாமத்தியவீட்டுக்கும் கலியாணத்துக்கும் கை கொடுத்துப் பழகிய சனம், எங்களுடைய ஒருத்தன் புத்தகம் போட்டிருக்கிறான், அவன் கடன்படக் கூடாது என்று வருகிறது. இருபது டொலர் புத்தகத்துக்கு நூறு டொலர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். தமிழில் எழுதுகிறவனுக்கு இப்படியொரு உதவியைச் சென்னையில்கூட ஆரும் செய்வதில்லை.

ஆனால் அந்த மூன்று மணித்தியால விழாவில் என் நாவலில் இருந்து ஒரு பக்கம்கூட வாசிக்கப்படவில்லை. ஏழு பேர் பேசினார்கள். அதில் இரண்டு பேர் புத்தகத்தை வாசித்திருந்தார்கள். ஒருவர் என் முதல் நாவலின் கதையைச் சொல்லி இந்த நாவலைப் பாராட்டினார். அடுத்த ஆறு மாதத்தில் கதையைப் பற்றி என்னோடு கதைத்தவர்கள் நாலு பேர். அதில் ஒராள் என்ர தம்பி.

நான் 1991இல் இங்கே வந்தவன். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் இரவு வேலை. விடிய ஏழு மணிக்கு வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் எழுதிவிட்டுப் படுப்பேன். முதல் நாவலைப் பாமினி எழுத்துருவில் தட்டினேன். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி முழுப் புத்தகமும் சின்னாபின்னமாகிப் போனது. ஒவ்வொரு எழுத்தாகத் திருத்த மூன்று மாதம் பிடித்தது. இரண்டாவது நாவலுக்கு ஒன்பது வருடம்.

அதைத் தமிழ்நாட்டில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அச்சுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் தர வேண்டும் என்றார்கள். தந்தேன். மெய்ப்பு வந்தபோதுதான் வயிறு எரிந்தது. "விளங்கேல்லை" எல்லாம் "புரியவில்லை" ஆகியிருந்தது. ஒரு கிழவி தன் பேரனை "எடேய், இஞ்சை வா" என்று கூப்பிடுகிற இடத்தில் "டேய், இங்கே வாடா" என்று இருந்தது. வல்வெட்டித்துறைக் கிழவி மயிலாப்பூருக்குக் குடிபோய்விட்டா. திருத்தியவரில் எனக்குக் கோபமில்லை. அவர் தன் வாசகருக்கு விளங்க வேண்டும் என்று செய்தார். நான் திரும்ப எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, கடைசியில் ஐந்து பக்கச் சொல் அகராதியும் சேர்த்து அனுப்பினேன். பிறகு புத்தகம் கப்பலில் வந்தது. அந்தச் செலவை மனிசிக்கு இன்னும் சரியாகச் சொல்லவில்லை. (அவ இதை வாசிக்க மாட்டா என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

எழுதுகிறவன் தன் புத்தகத்தைத் தானே தூக்கித் திரிவது எங்களுக்குப் புதிதில்லை. டொமினிக் ஜீவாவை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியாக இருந்தவர். 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியவர். 1966இல் மல்லிகையைத் தொடங்கி, நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். கையில் இதழ்களை அடுக்கிக்கொண்டு வீதி வீதியாகத் தானே விற்றார். இந்த ரொறன்ரோவில் இருந்து இயங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் 2013ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குத்தான் கொடுத்தது. ஜீவாவிடம் இதழ் வாங்கியவர் அடுத்த மாதம் அதே சந்தியில் அவரைத் திரும்பச் சந்திக்க வேண்டும். "போன மாதக் கதை எப்படி?" என்று அவர் கேட்பார் என்று தெரியும். வாசிக்காமல் தப்ப ஏலாது. எங்களுடைய விழாக்களில் வாங்கியவரும் விற்றவரும் அடுத்த விழாவில்தான் சந்திக்கிறோம். அங்கே வேறு புத்தகம்.

அ. முத்துலிங்கத்தின் கதை இன்னொரு விதம். கொக்குவிலில் பிறந்து, கணக்காளராகி, ஐ.நா. வேலையாக நாடு நாடாகப் போனவர். 'அக்கா' தொகுப்பு 1964இல் வந்தது. அடுத்த தொகுப்பு 'திகடசக்கரம்' 1995இல். நடுவில் முப்பத்தொரு வருடம். பிறகு கனடாவுக்கு வந்து எழுதிக் குவித்தார். நான் எழுதாமல் கிடந்த வருடங்களில் இந்த முப்பத்தொன்றைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். இன்னும் காலம் இருக்கு என்று. 'காலம்' என்றதும் ஞாபகம் வருகிறது, செல்வம் அருளானந்தம் 1990இல் தொடங்கிய அந்த இதழும் இதே ஊரில் இருந்துதான் வருகிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு சிற்றிதழைப் பனி கொட்டுகிற நாட்டில் நடத்துவதற்கு என்ன மனம் வேணும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கேல்லை.

புத்தகம் என்றால் எங்களுக்குச் சும்மா சாமான் இல்லை என்று மேடைகளில் சொல்லுவோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். 1994இல் இதே ரொறன்ரோவில் தேடகம் நூலகமும் தீக்கிரையானது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. எரிந்ததற்கு அழுகிற நாங்கள் எரியாமல் தட்டில் இருக்கிறதைத் திறக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகளில் தமிழ்ப் பகுதிகள் இருக்கின்றன. எங்கள் வரிப்பணத்தில் வாங்கிய புத்தகங்கள். ஆரும் இரவல் எடுக்காத புத்தகம் கனகாலம் தட்டில் இருக்காது, எந்த நூலகத்திலும் அதுதான் வழமை. என்வலப்பில் காசு வைக்கிற கை நூலக அட்டையையும் ஒருக்கால் எடுத்தால் செலவும் இல்லை.

இனி என் மகளின் கதைக்கு வருகிறேன். இருபத்தாறு வயது. இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆறு வருடம் போனாள். கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஒரு பக்க நாவல் வாசிக்க அரை மணித்தியாலம் வேணும், அதற்குள் கதை செத்துவிடும். ஆனால் அவள் நல்ல வாசகி. ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' பள்ளிக்கூட நாளிலேயே வாசித்துவிட்டாள். வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' 2024இல் பிரித்தானியாவின் விமன்ஸ் பிரைஸையும், ஒன்றரை லட்சம் அமெரிக்க டொலர் பெறுமதியான கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் வென்றபோது, அதை வாசித்துவிட்டு இரவு என் அறைக்கு வந்து, "அப்பா, நீங்களும் அப்ப யாழ்ப்பாணத்திலயோ இருந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

நான் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இரண்டு நாவல் எழுதியிருந்தேன். அவை அவளுக்குக் கீழே, ஃபர்னஸுக்குப் பக்கத்தில், பெட்டிக்குள் இருந்தன.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் அவள் "நயினாதீவுக்குப் படகில போறது பயமோ?" என்று கேட்டாள். எங்கே கேள்விப்பட்டாய் என்றேன். தேவகாந்தனின் 'கனவுச்சிறை' ஆங்கிலத்தில் வந்திருக்கிறதாம். ஐந்து பாகம், 1981இல் இருந்து 2001 வரை நீள்கிற கதை. காலச்சுவடு 2014இல் அதை ஒரே நூலாகப் போட்டபோது நான் வாங்கி மேசையில் வைத்திருந்தேன், அவள் அதைக் கடந்து ஆயிரம் தரம் போயிருப்பாள். நெட்ரா ரொட்ரிகோ மொழிபெயர்த்து, ரொறன்ரோவில் உள்ள மவென்சி ஹவுஸ் பாகம் பாகமாக வெளியிட்டதும்தான் அது அவளுடைய புத்தகமானது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரின் சில வருடங்கள், ஒரு சின்னப் பதிப்பகத்தின் துணிச்சல். இவ்வளவுதான் என் வீட்டு மேசைக்கும் மகளின் கட்டிலுக்கும் இடையில் இருந்த தூரம்.

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டொலர் சேர்க்க வேண்டும் என்றபோது சேர்த்து முடித்த சமூகம் இது. அதற்கு முன் ஹார்வர்டுக்கு 60 லட்சம் டொலர், உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் சேர்ந்து கொடுத்தது. மேடையில் போர்த்துகிற பொன்னாடைகளையும் கேடயங்களையும் ஒரு வருடம் நிறுத்தினால், இரண்டு மொழிபெயர்ப்பாளருக்கு மரியாதையான சம்பளம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். என் வீட்டில் நாலு கேடயம் இருக்கு. ஒன்றில் என் பெயர் பிழை.

மொழிபெயர்ப்பு ஒன்றுதான் வழி என்று நான் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தத் தொலைபேசி வந்தது.

"நீர்தானோ அந்தக் கதை எழுதினது?" ஒரு வயதான அம்மாவின் குரல். ஓம் என்றேன். "எழாம் அதிகாரத்தில கூழ் காய்ச்சினது ஆர்?"

"கதையில வாற பெரியம்மா."

"உம்முடைய பெரியம்மாவுக்குக் கூழ் காய்ச்சத் தெரியாது. ஒடியல் மாவை நேர பானைக்குள்ள கொட்டுறாவே! ஊறப்போட்டு, தண்ணியை இறுத்து, கயப்பு எடுக்காமல் ஆர் பிள்ளை கூழ் காய்ச்சினது? அந்தக் கூழை ஒருத்தரும் வாயில வைக்கேலாது. நீர் எல்லாரும் ருசிச்சுக் குடிச்சவை எண்டு எழுதியிருக்கிறீர்."

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது. நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் புளியும் செத்தல் மிளகாயும் எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். மாவை ஊற வைக்க மறந்துவிட்டேன். ஏழு பேர் பேசிய விழாவில் இதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சென்னையில் மெய்ப்புத் திருத்தியவரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவவைப் பார்க்கப் போனேன். ஒரு முதியோர் இல்லம். வயது எண்பத்தொன்பது, முன்னாள் ஆசிரியை. அவவிடம் என் புத்தகம் எப்படிப் போனது தெரியுமோ? மருமகன் என் விழாவில் நூறு டொலர் என்வலப் தந்து வாங்கியவர். பக்கம் திறக்காமல் அலுமாரியில் வைத்துவிட்டார். மாமியார் இல்லத்துக்கு மாறும்போது, வாசிக்க ஏதாவது வேணும் என்று அதையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா. ஆக, நான் இவ்வளவு நேரமும் குறை சொல்லிக்கொண்டிருந்த அந்த என்வலப் பழக்கம்தான் எனக்கு ஒரு முழு வாசகியைத் தேடித் தந்தது. அதையும் சொல்லாவிட்டால் பாவம்.

ஒரு சின்னக் கொப்பியில் என் பிழைகளை இலக்கமிட்டு எழுதி வைத்திருந்தா. இருபத்து மூன்று. பதினைந்தாவது, வைகாசியில் நடக்கிற சம்பவத்தில் நான் மாரி மழை பெய்ய வைத்தது. இருபதாவது, ஒரு பாத்திரம் அழ வேண்டிய இடத்தில் அழவில்லை என்பது. "அது பிழை இல்லை டீச்சர், அவள் அப்பிடித்தான்" என்றேன். "எனக்குத் தெரியும் அவள் எப்பிடி எண்டு. நீர்தான் அவளை அழ விடேல்லை" என்றா. கால் மணித்தியாலம் வாதாடினோம். முப்பது வருடத்தில் என் பாத்திரம் ஒன்றுக்காக ஒருவர் என்னோடு சண்டை பிடித்தது அன்றைக்குத்தான்.

கண்பார்வை குறைந்துகொண்டு வருகிறது, முதல் பாகத்தைத் திரும்ப வாசிக்க ஆசை, ஏலாது என்றா. நான் வாசிக்கட்டோ என்று கேட்டேன். அப்படித்தான் தொடங்கியது. இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய் ஒரு அதிகாரம் சத்தமாக வாசிக்கிறேன். மூன்றாவது தரம், இல்லத்தில் இருக்கிற இன்னும் நாலு தமிழ் அம்மாக்களும் ஐயா ஒருவரும் வந்து இருந்துவிட்டார்கள். ஐயாவுக்குக் காது கேட்காது, ஆனாலும் வருவார்.

நாலாவது தரம் கார் பழுது. மகள்தான் கொண்டுபோய் விட்டாள். காருக்குள் இருக்கிறேன் என்றவள் குளிர் தாங்காமல் உள்ளே வந்து, சுவரோடு நின்று கேட்டாள். பிறகு கதிரை எடுத்து இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கன நேரம் ஒன்றும் பேசவில்லை. மார்க்கம் வீதிச் சிக்னலில் நிற்கும்போது, "அந்தப் பெரியம்மா, எங்கட அப்பம்மாவோ?" என்று கேட்டாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. "எடேய், இஞ்சை வா" விளங்கியிருந்தது. சென்னைக்கு நான் ஐந்து பக்க அகராதி எழுதிய சொற்களுக்கு அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை, ஏனென்றால் அவள் அப்பம்மாவிடம் வளர்ந்த பிள்ளை. கண்ணுக்குத் தமிழ் இல்லை, காதுக்கு இருக்கிறது. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. இங்கே பிறந்த எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான். வாசிக்கத் தெரியாது என்பதால் தமிழ் தெரியாது என்று நாங்களே முடிவு கட்டி, அவர்களை மண்டப வாசலில் கார்ச் சாவியோடு நிற்க வைத்துவிட்டோம்.

ஊரில் எங்களுக்கு இது தெரிந்த வேலை. கோயிலில் கந்தபுராண படனம் நடக்கும். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருந்த சனத்தில் பாதிப் பேருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆனால் சூரன் எங்கே ஏமாந்தான், வீரவாகுதேவர் தூது போய் என்ன சொன்னார் என்று எல்லாம் தெரியும். சந்தி வாசிகசாலையில் ஒருவர் பேப்பரை உரத்து வாசிக்க நாலு பேர் கேட்பார்கள். கேட்டுக் கேட்டே கதை அறிந்த சமூகம் நாங்கள். இங்கே வந்து ஏனோ புத்தகத்தைப் படம் எடுக்கிற சாமானாக மாற்றிவிட்டோம்.

ஆகவே புத்தகம் போடப்போகிற நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். என்வலப் இருக்கட்டும், ரோல்ஸும் இருக்கட்டும், அது இல்லாவிட்டால் சனம் வராது. பேச்சாளரை ஏழில் இருந்து இரண்டாகக் குறையுங்கள். மிச்ச நேரத்தில் நாவலின் இரண்டு அதிகாரத்தை நல்ல குரலில், அந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசியுங்கள். அதைப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். வேலைக்கு ரயிலில் போகிற பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைக் காதில் போட்டுக்கொண்டுதான் போகிறது, அதே காதில் இதையும் போடும். 2005இல் இருந்து நூலகம் நிறுவனம் எங்கள் பழைய நூல்களை மின்வடிவில் சேர்த்துக் காப்பாற்றி வருகிறது. அது பக்கங்களுக்கு நடக்கிற வேலை. குரல்களுக்கும் ஒன்று வேண்டும். கூழ் காய்ச்சத் தெரிந்த அம்மாக்கள் உயிரோடு இருக்கும்போதே வேண்டும்.

மகள் இப்போது என் வாசிப்பைத் தன் போனில் பதிவு செய்கிறாள். இதுவரை பதினொரு அதிகாரம். என் குரல் கரகரப்பு, இடையில் ஐயாவின் இருமல், ஒரு இடத்தில் தாதி வந்து மருந்து கொடுக்கிற சத்தம். அதையெல்லாம் வெட்டலாமோ என்று கேட்டேன். வேண்டாமாம். தன் நண்பிகள் மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறாள். ஒருத்தி அந்த ஐயாவுக்கு இருமல் சுகமோ என்று கேட்டாளாம்.

ஏழாம் அதிகாரம் வாசிக்க வேண்டிய நாளன்று டீச்சர் என்னை நிறுத்தி, முதலில் திருத்தி எழுதிக்கொண்டு வரச் சொன்னா. திருத்தினேன். பெரியம்மா இப்போது மாவை ஊறப்போட்டு, தண்ணியை இறுத்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வருகிறா. போன கிழமை அதை வாசித்தேன். டீச்சர் தலையாட்டினா. பிறகு கொப்பியை எடுத்து, இலக்கம் ஏழுக்கு மேல் ஒரு கோடு கீறினா. இன்னும் இருபத்திரண்டு இருக்கு.